அவர் சொல்வதற்குள் பாய் சொல்லிவிட்டார்

கொரோனா எல்லாம் ஓய்ந்து, கேளம்பாக்கம் மறுபடி பழைய நெரிசலுக்குத் திரும்பியிருந்த சமயம். ஆடி மாதத்தில் ஒரு காலை நேரம். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், மளிகைக் கடை வாசலில் நடந்தது இது. எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம்கூட இருக்காது. இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். இப்போது என் வீட்டுக்காரரே, "எழுது, பேர் மட்டும் போடாத" என்று சொல்லிவிட்டதால் எழுதுகிறேன்.

என் தொழில் இட்லி மாவு. வீட்டிலேயே கிரைண்டர் போட்டு அரைத்து, பாக்கெட் கட்டி, விடிந்ததும் ஸ்கூட்டியில் கொண்டுபோய்க் கடைகளுக்குப் போடுவேன். எங்கள் பக்கம் ஐ.டி. கம்பெனிக்காரர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீடுகள் அதிகம். புருஷனும் பெண்டாட்டியும் லேப்டாப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வீட்டில் யார் உளுந்து ஊறப்போடுகிறார்கள்? அவர்கள் புண்ணியத்தில் என் பிழைப்பு ஓடுகிறது. என் மாவு அவ்வளவு சீக்கிரம் புளிக்காது என்று எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

என் வீட்டுக்காரர் அப்போது மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். தெரிந்த நாலு வார்த்தை இந்தி, நாலு வார்த்தை இங்கிலீஷை வைத்துக்கொண்டே வேனில் இருப்பவர்களைக் கலகலப்பாக்கிவிடுவார். இறங்கும்போது அவரோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. எங்களுக்கு ஒரே மகள். ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

இவருக்கு ஒரு சமயம் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. உடம்பு இளைத்தது. எல்லா டெஸ்டும் எடுத்ததில் கடைசியில் எச்.ஐ.வி. என்று வந்தது. எனக்கும் பார்த்தார்கள், எனக்கு இல்லை. எப்படி வந்தது என்று நான் கேட்டேன், அவர் சொன்னார். அது எங்கள் இரண்டு பேருக்குள் இருக்கட்டும். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் எல்லோரையும் போல ஆயுசோடு இருக்கலாம், உங்கள் மனைவிக்கும் பரவாது என்று டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். நான் நம்பினேன். அவர்தான் நம்பவில்லை.

மாத்திரை வாங்க செங்கல்பட்டுக்குப் போவோம். எங்கள் பக்கத்து ஆட்கள் ஆஸ்பத்திரி என்றால் பெரும்பாலும் மெட்ராஸ் பக்கம்தான் போவார்கள். அதனால் செங்கல்பட்டு போனால் தெரிந்த முகம் எதுவும் கண்ணில் படாது என்று நான்தான் யோசனை சொன்னேன். பெரிய அறிவாளி என்று நினைப்பு எனக்கு. திருப்போரூர் போய் பஸ் மாறிப் போவோம். அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்குள் ஒரு எழுதாத சட்டம் உண்டு. உள்ளே பார்த்தால் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். வாசலைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் யாருக்கும் யாரையும் தெரியாது. அதே பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தாலும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வோம். அதில் யாருக்கும் வருத்தம் கிடையாது. ஒருத்தருக்கொருத்தர் செய்துகொள்கிற மரியாதை அது.

இரண்டாவதோ மூன்றாவதோ தடவை போனபோது, பெஞ்சின் அந்தக் கோடியில் எங்கள் தெரு மளிகைக் கடை பாய் உட்கார்ந்திருந்தார். நான் தினமும் மாவு போடுகிற கடை. அவரும் என்னைப் போலவே யோசித்துத்தான் செங்கல்பட்டு வரை வந்திருக்கிறார் என்று பிற்பாடு தெரிந்தது. அறிவாளிகள் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் மாட்டிக்கொண்டோம். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்ததால் அவரைக் கவனிக்கவே இல்லை. பாய் என்னைப் பார்த்தார், லேசாகத் தலையாட்டினார், கையிலிருந்த பேப்பரை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் அவர் கடைக்கு மாவு கொண்டுபோக எனக்குக் கால் வரவில்லை. இனிமேல் மாவு வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டே போனேன். பாய் எப்போதும் போல விடியற்காலை சுபுஹு தொழுகை முடித்துவிட்டு வந்து ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். "இன்னா தங்கச்சி, இன்னிக்கி லேட்டு" என்று மட்டும் கேட்டார். என் பாக்கெட்டுகளை ஃபிரிட்ஜில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னால் அடுக்கினார். அதோடு சரி. அதற்கப்புறம் வருஷக்கணக்கில் அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

வீட்டில்தான் நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. முதலில் அவர் சிரிப்பு நின்றது. அப்புறம் பேச்சு நின்றது. சவாரி இல்லாத நாளில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தால் சாயங்காலம் வரை எழுந்திருக்க மாட்டார். குளி என்றால் குளிக்க மாட்டார். சாப்பிடு என்றால் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நான் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துத் திட்டித் தீர்த்தேன். மனசு உடைந்து போவதற்கும் ஆஸ்பத்திரியில் வைத்தியம் உண்டு என்று அப்போது எனக்குத் தெரியாது.

குடி அந்த வழியாகத்தான் உள்ளே வந்தது. முன்னாலும் தீபாவளி, பொங்கல் என்றால் குடிப்பார். இப்போது தினமும். குடித்தால்தான் தூக்கம் வருகிறது என்பார். இதில் இன்னொரு கூத்து. சரக்கு போட்ட அன்றைக்கு மாத்திரை போட்டால் ஈரல் வெந்துவிடும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அதனால் குடித்த ராத்திரி மாத்திரை போட மாட்டார். தினமும் குடித்தால் தினமும் மாத்திரை கிடையாது. இது எனக்கும் சரியென்றுதான் பட்டது. குடித்துவிட்டு வந்த அன்றைக்கு நானே மாத்திரை டப்பாவை அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். அவர் உடம்பைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் உடம்புக்கே உலை வைத்துக்கொண்டிருந்தேன்.

அடி எப்போது ஆரம்பித்தது என்று சரியாக ஞாபகம் இல்லை. முதல் அடிக்கு மறுநாள் காலில் விழுந்தார். அடுத்த அடிக்கு மன்னிப்பு மட்டும் கேட்டார். அப்புறம் அதுவும் இல்லை. எதற்கு அடி என்று கேட்டால் காரணம் ஒன்றும் பெரிதாக இருக்காது. குழம்பில் உப்பு, மகளிடம் போனில் ரொம்ப நேரம் பேசியது, நான் அவரை ஒரு மாதிரி பார்த்தது. "இன்னா பாக்கற? நோயாளின்னு பாக்கறியா?" என்று ஆரம்பிக்கும்.

நீங்கள் கேட்கலாம், ஏன் ஒரு சத்தம் போடவில்லை என்று. அக்கம்பக்கம் எல்லாம் நல்ல மனிதர்கள்தான். ஒரு குரல் கொடுத்தால் ஓடி வந்திருப்பார்கள். ஆனால் என் வாயைக் கட்ட அவரிடம் ஒரு மந்திரம் இருந்தது. நான் சத்தம் போட வாயெடுத்தால் கதவு வரை போய் நிற்பார். "கத்து. கத்துறி. நான் ரோட்ல நின்னு எனக்கு இன்னா நோயின்னு சொல்றேன். அப்பறம் உன் மாவ எவன் வாங்கறான்னு பாக்கறேன்" என்பார்.

யோசித்துப் பாருங்கள். நோய் அவருடையது. பயம் என்னுடையது. கையை விட்டுக் கலக்குகிற மாவு. எச்.ஐ.வி. இருக்கிற வீட்டு மாவு என்று ஒரு வார்த்தை அந்த அடுக்குமாடி வாட்ஸ்அப் குரூப்பில் விழுந்தால் போதும், அடுத்த நாளே கிரைண்டரைக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டியதுதான். மாவினால் அது பரவாது என்று எனக்குத் தெரியும். அதைத் தெரு முழுக்க நின்று யாருக்கு விளக்குவது? அதனால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடி வாங்கினேன். ஆஸ்பத்திரியில் கவுன்சிலர் அம்மா ஒரு தடவை என் புருவத்துக்கு மேலிருந்த வீக்கத்தைப் பார்த்து என்ன என்று கேட்டபோதும், ஷட்டரில் இடித்துக்கொண்டேன் என்று பொய் சொன்னேன்.

இதற்கிடையில் காலையில் சவாரிக்கு வந்தவரிடம் சாராய வாடை அடிக்கிறது என்று வேன் முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். வேலை போனபின் பகலிலும் குடி.

அந்த ஆடி மாதக் காலைக்கு வருகிறேன். நான் மாவு பாக்கெட்டுகளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். இவர் முந்தின நாள் போதையே தெளியாமல் எழுந்து வந்து ஸ்கூட்டி சாவியைக் கேட்டார். கோவளம் வரை போக வேண்டுமாம். நிற்கவே முடியாத மனிதர் அந்த ரோட்டில் ஸ்கூட்டி ஓட்டினால் அவர் சாவார், இல்லை குறுக்கே வருகிற யாராவது சாவார்கள். நான் தர மாட்டேன் என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு பாய் கடைக்கு வந்துவிட்டேன். பின்னாலேயே நடந்து வந்துவிட்டார்.

கடை வாசலில் அப்போது இரண்டே பேர்தான் இருந்தார்கள். பக்கத்து அடுக்குமாடி வாட்ச்மேன் ஒருத்தர், பால் வாங்க வந்த அதே அடுக்குமாடி அம்மா ஒருத்தர். நான் வண்டியிலிருந்து சாவியை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டு ட்ரேக்களை இறக்குவதற்குள் இவர் வந்து என் பின்னலைப் பிடித்து இழுத்தார். கன்னத்தில் ஒரு அறை. காது கொய்யென்றது. ஒரு ட்ரே மாவு சரிந்து தரையெல்லாம் மாவு.

வீட்டுக்குள் வாங்கிய அடி வேறு. தெருவில், நாலு பேர் பார்க்க வாங்கிய அடி அதுதான் முதல். வலியைவிட அவமானம் தாங்க முடியவில்லை. என்னை அறியாமல், "யோவ், வுடுய்யா!" என்று கத்திவிட்டேன்.

அவ்வளவுதான். அவர் பின்னலை விட்டுவிட்டு இரண்டு அடி பின்னால் நகர்ந்து, அந்த இரண்டு பேரையும் கையைக் காட்டி, "சொல்லட்டா? இவங்க கைல சொல்லட்டா? எனக்கு இன்னா கீதுன்னு சொல்லட்டா? குடுறி சாவிய!" என்றார்.

அந்த அம்மா பால் பாக்கெட்டோடு அப்படியே நின்றிருந்தார். அவர் வீட்டுக்கு என் மாவுதான் போகிறது. ஸ்கூட்டி போனால் போகட்டும், யார் செத்தால் எனக்கென்ன, இவர் வாயை மூடினால் போதும் என்று தோன்றிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அப்படித்தான் தோன்றியது. சாவியை நீட்டினேன்.

நீட்டிய என் கையை இன்னொரு கை வந்து மூடியது. கடை பாய். கல்லாவைத் தாண்டி எப்போது இறங்கி வந்தார் என்று நான் பார்க்கவில்லை.

"சாவிய குடுக்காத தங்கச்சி" என்றார்.

"பாய், இது எங்க குடும்ப விசயம். நீ உள்ள போ" என்றார் இவர்.

பாய் அவரைத் தொடவில்லை, திட்டவில்லை. "இன்னாமோ சொல்லப்போறேன்னியே தம்பி. இரு, அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிக்கிறேன்" என்றார். வாட்ச்மேனையும் அந்த அம்மாவையும் பார்த்துத் திரும்பினார். பால் விலை ஏறிவிட்டது என்று சொல்கிற மாதிரி சாதாரணக் குரலில் சொன்னார்: "எனக்கு எச்.ஐ.வி. கீது. ரொம்ப வருசமா கீது. தினம் மாத்திர சாப்ட்டுகினு நல்லா கீறேன். இந்தக் கையாலதான் உங்களுக்கு எல்லாருக்கும் பாலும் மாவும் எடுத்துக் குடுத்துகினு இருக்கேன். யாருக்கும் ஒண்ணும் ஆவல."

கடைக்குள் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்டது.

பாய் இவர் பக்கம் திரும்பினார். "இப்ப நீ சொல்லணும்னா சொல்லு தம்பி. உன் வாய், உன் இஷ்டம். ஆனா இனிமே அத வெச்சி இந்தத் தெருவுல யாரையும் பயமுறுத்த முடியாது. பயப்பட வேண்டியத நான் முன்னாடியே சொல்லிட்டேன்."

இவர் முகத்தில் இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. கவிழ்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் பால் பெட்டி மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

முதலில் பேசியது வாட்ச்மேன்தான். அவரை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். பாயைப் பார்த்தார், சரிந்து கிடந்த மாவைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ரெண்டு பாக்கெட்டு பாலு குடு பாய், டூட்டிக்கு டைம் ஆவுது" என்றார். பாய் எடுத்துக் கொடுத்தார். வாட்ச்மேன் அவர் கையிலிருந்தே வாங்கிக்கொண்டு போனார். அந்த அம்மா பால் பாக்கெட்டோடு விறுவிறுவென்று நடந்து போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் அழ ஆரம்பித்தார். தேம்பித் தேம்பி அழுதார். "எனக்கு உயிரோட இருக்கவே புடிக்கல பாய். காலைல கண்ண தொறந்தா ஏன்டா தொறந்தோம்னு கீது" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு இரக்கம் வந்ததா என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன், வரவில்லை. கன்னம் எரிந்துகொண்டிருந்தது. நான் குனிந்து மாவை வழித்துக்கொண்டிருந்தேன்.

பாய் அவர் பக்கத்தில் இன்னொரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்தார். "எனக்கும் அப்டித்தான் இருந்துச்சு. அதுக்கும் மருந்து கீது தம்பி. நம்ம போற ஆஸ்பத்திரிலயே கீது. வா, நான் கூட வரேன்" என்றார். அவர் 'நம்ம போற ஆஸ்பத்திரி' என்று சொன்னதும் இவர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷம் ஒரே ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததே அப்போதுதான் அவருக்குத் தெரியும்.

அன்றைக்கே பாய் கடையைச் சாத்தினார். மூன்று பேரும் செங்கல்பட்டு போனோம். கவுன்சிலர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். இந்தத் தடவை ஷட்டர் கதை சொல்லவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன், அரிசி டிரம்மில் மாத்திரை ஒளித்ததையும் சேர்த்து. என்னால்தான் அவர் உடம்பு கெட்டது, அந்த ஆத்திரத்தில்தான் அடித்தாரோ என்று அழுதேன்.

கவுன்சிலர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "குடிச்சிருந்தாலும் மாத்திரைய விடக்கூடாதும்மா, விட வேண்டியது குடியதான். அது உங்களுக்குத் தெரியல, இப்ப தெரிஞ்சிடுச்சு, முடிஞ்சது. எச்.ஐ.வி. நோய். குடி நோய். அவரோட மனச்சோர்வும் நோய். மூணுக்கும் எங்ககிட்ட வைத்தியம் இருக்கு. ஆனா அடிக்கிறது நோய் இல்ல. அதுக்கு மாத்திரை கிடையாது. அது அவரா நிறுத்த வேண்டியது. நிறுத்தற வரைக்கும் நீங்க அவர்கூட இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல."

நோய் வந்த மனிதன், பாவம், பொறுத்துப் போ என்று என் மனசே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், இப்படி இரண்டையும் பிரித்துக் காட்டியது அவர்தான். பெண்கள் பாதுகாப்புக்கென்று இருக்கும் அதிகாரியிடம் அவரே என்னை அனுப்பி வைத்தார். நான் போய் மனு எழுதிக் கொடுத்தேன். இவரிடமும் முகத்துக்கு நேராகச் சொன்னேன். வீட்டை விட்டுப் போக வேண்டியது நான் இல்லை, கிரைண்டரும் வாடகை ஒப்பந்தமும் என் பேரில் இருக்கிறது, நீங்கள்தான் போக வேண்டும் என்று. அவர் சரி என்றார்.

குடியை நிறுத்துகிற வார்டில் இருந்தார். மனசுக்கும் வைத்தியம் பார்த்தார்கள். வெளியே வந்தபின் பாய் கடை மாடியில் ஒரு ரூமில் தங்கினார். கடையில் மூட்டை இறக்கி வைத்து, ஆட்டோவில் சாமான் ஏற்றி, பாயோடு மாத்திரை நேரத்தில் மாத்திரை போட்டுக்கொண்டு இருந்தார். பொங்கலுக்கு ஒரு தடவை குடித்துவிட்டார். தானே கவுன்சிலருக்குப் போன் பண்ணிச் சொன்னார். அதற்காக நான் உருகிவிடவில்லை. ஆனால் மறைக்காமல் சொன்னாரே என்று மனசு கொஞ்சம் குளிர்ந்தது.

பாய்க்கு இதனால் நஷ்டம் இல்லாமல் இல்லை. நான் பயந்த வாட்ஸ்அப் குரூப்பில் அவர் பேர்தான் விழுந்தது. அந்தக் கடையில் வாங்காதீர்கள் என்று போட்டார்களாம். பல நாள் பால் பெட்டி அப்படியே திரும்பிப் போனது. என் மாவையும் சில பேர் நிறுத்தினார்கள், அவர்களுக்கும் கணக்குப் போடத் தெரியும்தானே. அப்புறம் ஐப்பசி மழை பிடித்தது. தெருவில் முழங்கால் தண்ணீர். சூப்பர் மார்க்கெட் வரை நடக்க யாருக்கும் மனசு வரவில்லை. பாய் கடைதான் பக்கம். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று வந்துவிட்டார்கள். வந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மழை விட்ட பிறகும் வந்துகொண்டிருந்தார்கள். அன்றைக்குப் பேசாமல் போன அந்த அம்மா ஒரு நாள் வந்து, "எவ்ளோ நாள் மாத்திரை சாப்பிடணும் பாய்?" என்று விசாரித்துவிட்டுப் போனாராம். வராமலே போனவர்களும் உண்டு. போகட்டும்.

ஒரு நாள் பாயிடம் கேட்டேன். "உங்களுக்கு இன்னாத்துக்கு பாய் இந்தத் தலையெழுத்து? எங்க சண்டைக்காக ஏன் உங்க மானத்த வாங்கிக்கினீங்க?"

அவர் பருப்பை எடை போட்டுக்கொண்டே பதில் சொன்னார். "நானும் என் வூட்டுக்காரிய அடிச்சவன்தான் தங்கச்சி. இதே குடி, இதே நோயி. ஒரு நாள் புள்ளைங்கள கூட்டிகினு அவங்க அம்மா ஊருக்குப் போய்ட்டா. அவ போன பின்னாடிதான் நான் குடிய வுட்டேன்."

"அப்பறம் வரலியா?"

"வரல. நான் கூப்புட போனேன். வரமாட்டேன்னா. அவ சொன்னது சரி. நல்லா கீறா, புள்ளைங்கள நல்லா படிக்க வெக்கிறா. நான் நல்லவன் ஆயிட்டேன்றதுக்காக அவ திரும்பி வரணும்னு சட்டமா?" என்று சொல்லிவிட்டு, பொட்டலத்துக்கு நூல் சுற்றினார். "அன்னிக்கி நீ அந்த சாவிய நீட்டின பாரு, அத பாத்துகினு என்னால கல்லால குந்தினு இருக்க முடியல. அவ்ளோதான்."

என் வீட்டுக்காரரை நான் திரும்ப வீட்டுக்குள் சேர்த்தேன். சும்மா சேர்க்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் பார்த்து, கவுன்சிலரிடம் இரண்டு பேரும் சேர்ந்து போய்ப் பேசி, மகளிடம் நாங்களே எல்லாவற்றையும் சொல்லி, அப்புறம்தான். மகள் அப்பாவோடு ரொம்ப நாள் பேசவில்லை. இப்போது பேசுகிறாள். இதைப் படிக்கிற எல்லோரும் என்னைப் போலச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். பாயின் மனைவி செய்ததும் சரிதான். நான் செய்தது எனக்குச் சரி, இன்றைய தேதி வரைக்கும்.

இவர் இப்போது தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறார். ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். பழைய மாதிரி சிரிக்கச் சிரிக்கப் பேசுவது முழுசாகத் திரும்பவில்லை. ஆனால் போன வாரம் கேன் போட்ட வீட்டு நாய் தன்னைத் துரத்திய கதையைச் சொல்லி என்னைச் சிரிக்க வைத்தார். எவ்வளவு நாள் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன், அழுகை வந்துவிட்டது.

சமீபத்தில் ஒரு சாயங்காலம் எங்களுக்குள் நல்ல சண்டை. எனக்கும் வாய் சும்மா இருக்காது. பேச்சு முற்றியது. திடீரென்று அவர் பேச்சை நிறுத்திவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். விளக்கு வைக்கும் நேரம் தாண்டித்தான் திரும்பினார். வேர்த்து விறுவிறுத்து, கால் முட்டி வரை புழுதி.

"எங்க போனீங்க?"

"கோவளம் ரோட்டுல நடந்தேன். அடிக்க கை வர மாரி இருந்துச்சு. அதான் போய்ட்டேன்."

"வந்திருந்தா உங்கள மறுபடி வெளிய அனுப்பியிருப்பேன்" என்றேன்.

"தெரியும்" என்றார். அவரே போய்ச் சாப்பாடு போட்டுக்கொண்டு வந்து, எனக்கும் ஒரு தட்டு வைத்தார்.

இந்தப் பேச்சை நாங்கள் இரண்டு பேரும் சாதாரணக் குரலில் பேசினோம் என்பதே எனக்கு நம்ப முடியாத விஷயம். எனக்குள் பயம் எதுவும் எழவில்லை, தெருவுக்குக் கேட்டுவிடுமோ என்றுகூடத் தோன்றவில்லை. சாப்பிட்டுக்கொண்டே அதை நினைத்துப் பார்த்தேன். நோயை மறைக்கிறோம் என்று நம்பிக்கொண்டு அத்தனை வருஷமும் நான் பொத்திப் பொத்தி மறைத்து வைத்தது அடியைத்தான். என் வாயைக் கட்டிய அந்தப் பயத்தை உடைக்க ஒரு மனிதர் தன் நோயை மறைக்காமல் தெருவில் நின்று சொன்னார் என்பதை நினைக்கும்போதெல்லாம், எனக்காகவும் ஒருத்தர் எழுந்து வந்தார் என்கிற தைரியம் இன்றைக்கும் என்னை நிமிர்ந்து நிற்க வைக்கிறது.